கன்வேயர் ஜியோமெட்ரிய பார்ட்டிகிள் சிமுலேஷனுக்குள்ள செட் பண்றது: கல்லு தொடுற தோலு மட்டும் வரைங்க போதும்

கிணத்துக்கடவு, மதுக்கரை பக்கம் கிரஷர் வச்சிருக்கறவங்களுக்கும், வாளையார் தாண்டி கஞ்சிக்கோட்டுல கன்வேயர் பேப்ரிகேஷன் பண்றவங்களுக்கும் பொதுவா ஒரு தலைவலி இருக்குங்க, ஒரு பெல்ட்டுல இருந்து அடுத்த பெல்ட்டுக்கு ஜல்லி மாறுற இடம். நம்ம பக்கம் முக்கால் ஜல்லிம்பாங்க, அவங்க மெட்டல்ம்பாங்க, எந்தப் பேருல சொன்னாலும் சூட்டுல (கல்ல கீழ இறக்கற தகர வழி) ஒரு ஓரமா விழுந்தா கீழ்பெல்ட் ஒரு பக்கமா இழுத்துக்கும், ரப்பர் கிழியும், ஸ்கர்ட்டுக்கு (பெல்ட் ஓரமா நிக்கற தடுப்பு) வெளிய கொட்டும். இப்ப சூட்ட வெட்டி வெல்டிங் பண்றதுக்கு முன்னாடியே டெம் (டிஸ்க்ரீட் எலிமெண்ட் மெத்தட், ஒவ்வொரு கல்லையும் தனித்தனியா கணக்குப் போடற முறை) சிமுலேஷன்ல ஓட்டிப் பாத்துடலாம், நிறைய பேரு பாக்கவும் செய்றாங்க, ஆனா முதல் தடவ உக்காரும்போது பாதிப் பேரு பெல்ட்டுலயே மாட்டிக்கறாங்க. கல்லு உருவாக்கறது ஈஸி, சூட் இம்போர்ட் பண்றது ஈஸி, ஓடுற பெல்ட்ட எப்படிக் காட்டறதுங்கறதுதான் கேள்வி.

அதுக்குத்தான் இந்தக் கைடு. நான் எடுத்துக்கப்போற உதாரணம் இதுங்க: 650 மிமீ பெல்ட், 35 டிகிரி ட்ரஃப் (பெல்ட்டோட ரெண்டு பக்கமும் மேல சாஞ்சு நிக்கற தொட்டி வடிவம்), 18 டிகிரி ஏத்தம், வேகம் செகண்டுக்கு 2 மீட்டர், மணிக்கு 200 டன் 20 மிமீ ஜல்லி, ஹெட் ட்ரம் (பெல்ட் முடிஞ்சு திரும்புற உருளை) விட்டம் 500 மிமீ, பெல்ட் தடிமன் 10 மிமீ. சாஃப்ட்வேர் லிக்ட்ஸ், அதாவது லாம்ப்ஸ்ங்கற மூலக்கூறு சிமுலேஷன் கோடுல இருந்து கிளை பிரிஞ்சு வந்த, பேருல மூணு ஜி வர்ற அந்த ஓப்பன் சோர்ஸ் கோடு. காசு இல்லாம கிடைக்குது, லேப்டாப்ல ஓடும், அதோட ட்யூட்டோரியல் ஃபோல்டருலயே ஒரு கன்வேயர் எக்ஸாம்பிளும் இருக்கு. ஈடெம், ராக்கின்னு லைசென்ஸ் வாங்கற டெம் சாஃப்ட்வேர் வச்சிருக்கறவங்களுக்கும் முக்கால்வாசி விஷயம் அப்படியே பொருந்தும், வித்தியாசம் வர்ற இடத்துல சொல்றேன்.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கங்க. டெம்முக்கு கன்வேயர்னா என்னன்னே தெரியாது. 1979ல கண்டால், ஸ்ட்ராக்னு ரெண்டு பேரு எழுதின முறைதான் இன்னும் அடிப்படை, ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்ல தொட்டா என்ன விசை, சுவரத் தொட்டா என்ன விசை, அவ்வளவுதான் கணக்கு. அதனால மோட்டாரு, கியர்பாக்ஸ், ஸ்ட்ரிங்கர், ரோலர் பிராக்கெட், டேக்கப் இதெல்லாம் சாலிட்வொர்க்ஸ் அசெம்பிளில அழகா இருந்தாலும் சிமுலேஷனுக்குள்ள குப்பை. ஃபேப்ரிகேஷன் டிராயிங்க அப்படியே எஸ்டிஎல் (வடிவத்த முக்கோணங்களா எழுதற ஃபைல்) ஆக்கிப் போட்டா ஒவ்வொரு போல்ட் தலையும் நூத்துக்கணக்குல முக்கோணமாகும், எல்லாத்தையும் சாஃப்ட்வேர் தூக்கிச் சுமக்கும், ஒரு கல்லு கூட அதத் தொடாது. கல்லு எங்க எங்க தொடுமோ அந்த மேல்தோல் மட்டும் வரைங்க, தடிமனே வேண்டாம், வெறும் சர்ஃபேஸ் போதும். பெல்ட்டுக்கு கூட 10 மிமீ தடிமன் குடுக்காதீங்க, குடுத்தா மேல ஒரு தோல் கீழ ஒரு தோல்னு ரெண்டு சுவரு ஆயிடும், அப்புறம் வேகம் குடுக்கும்போது கீழ்த்தோலுக்கும் சேத்து போயிடும்.

அடுத்தது, எல்லாத்தையும் ஒரே ஃபைலா போடாதீங்க. வேகம் மாறுற இடம், மெட்டீரியல் மாறுற இடம், அங்கெல்லாம் தனி எஸ்டிஎல். நம்ம உதாரணத்துக்கு மேல் பெல்ட்டோட ட்ரஃப் பகுதி, ட்ரம்முக்கு முன்னாடி தட்டையாகுற பகுதி, ட்ரம் வளைவு, ஸ்கர்ட், சூட், கீழ்பெல்ட். முதல் ரெண்டயும் ஒண்ணா வச்சுக்கலாம், வேகம் ஒண்ணுதான். ட்ரம் வளைவ மட்டும் கண்டிப்பா தனியா எடுங்க, காரணம் கொஞ்ச நேரத்துல வருது.

கன்வேயர் நிஜத்துல 40 மீட்டர் இருக்கும், அதுக்காக 40 மீட்டரும் வரையறவங்க இருக்காங்க. எதுக்குங்க? நமக்குப் பாக்க வேண்டியது சூட்டு. ட்ரம்முக்கு முன்னாடி 4 மீட்டர் இருந்தா கல்லு உக்காந்து பெல்ட் வேகத்தப் புடிச்சு ஒரு சீரான படுக்கையா வந்துடும், அது போதும். டெயில்ல (பெல்ட் ஆரம்பிக்கற முனை) லோடிங் எப்படி விழுதுன்னு பாக்கணும்னா அது தனி மாடல், தனி ரன்.

இப்ப ட்ரஃப் அளவு, இங்கதான் தப்பு நடக்குது. 650 பெல்ட்டுக்கு மூணு ரோலர் செட்டுல ஒவ்வொரு ரோலும் 250 மிமீ. டிராயிங்ல ரோலரப் பாத்துட்டு நடுவுல 250, ரெண்டு பக்கமும் 250, மொத்தம் 750னு வரைஞ்சிடுவாங்க. பெல்ட் 650தானே, ரோலர் பெல்ட்டவிட வெளிய நீட்டிட்டு நிக்கும், அப்பதான் பெல்ட் கொஞ்சம் ஆடினாலும் ரோலருக்கு மேல இருக்கும். அதனால சரியான கணக்கு: நடுவுல 250, மிச்சம் 400ஐ ரெண்டா பிரிச்சா பக்கத்துக்கு 200. 35 டிகிரில சாச்சா படுக்கைவாட்டுல 163.8, உயரத்துல 114.7. நடுமத்திய பூஜ்யமா வச்சா நாலு புள்ளி போதும்: இடதுல 288.8 தள்ளி 114.7 உயரம், அப்புறம் 125 தள்ளி பூஜ்ய உயரம், வலதுலயும் அதே மாதிரி. இந்த நாலு புள்ளிய கோடா இணைச்சு நீளவாக்குல எக்ஸ்ட்ரூட் பண்ணுங்க, ட்ரஃப் ரெடி. நிஜ பெல்ட் மூலைல கொஞ்சம் வளஞ்சிருக்கும், ரோலருக்கு ரோலர் நடுவுல தொங்கும், 20 மிமீ கல்லு சூட்டுல எப்படி விழுதுன்னு பாக்கறதுக்கு அதெல்லாம் தேவையில்ல. ரோலர் மேல ஏறி இறங்கும்போது படுக்கை எப்படி நொறுநொறுன்னு அடங்குதுன்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு வேணும்னா தொங்கலையும் வரையட்டும்.

ட்ரம் கிட்ட வரும்போது ட்ரஃப் தட்டையாகணும். இத விட்டுட்டு ட்ரஃப அப்படியே கொண்டுபோய் ட்ரம்ல முட்ட விடறவங்க உண்டு, அப்ப கல்லு நடுவுல குவிஞ்சே வெளிய பாயும், நிஜத்துல அது பரவி அகலமாத்தான் விழும், சூட்டோட பக்கச்சுவரு தேயறதே அந்தப் பரவல்னாலதான். இந்தப் பக்கம் 250 நடு, 200 பக்கம், 35 டிகிரி. அந்தப் பக்கம் அதே 250 நடு, 200 பக்கம், ஆனா தட்டை, அதாவது ஓரப்புள்ளி 325ல பூஜ்ய உயரத்துல. ரெண்டுக்கும் நடுவுல லாஃப்ட் போடுங்க, அதாவது ஒரு வடிவத்துல இருந்து இன்னொண்ணுக்கு சர்ஃபேஸ இழுத்து இணைங்க. நீளம் எவ்வளவுங்கறது பெல்ட் துணியா ஸ்டீல் கார்டா, டென்ஷன் எவ்வளவு அத வச்சு மாறும், டிசைன் ஷீட்ல கடைசி ட்ரஃப் ரோலருக்கும் ட்ரம்முக்கும் என்ன தூரம் போட்டிருக்காங்களோ அதையே எடுத்துக்கங்க. இன்னொண்ணு கேட்டுக்கங்க, ட்ரம்மோட மேல்மட்டம் நடு ரோலரோட மட்டத்துல இருக்கா, இல்ல ட்ரஃப் ஆழத்துல பாதி தூக்கி வச்சிருக்காங்களான்னு. பாதின்னா நமக்கு 57 மிமீ. சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா கல்லு பறக்கற இடமே 57 மிமீ மேல போயிடும்ல.

லாஃப்ட் போட்ட பக்கவாட்டு ரெக்கை முறுக்கிட்டு இருக்கும், ரெண்டே முக்கோணத்துல அது அடங்காது, நடுவுல ஒரு மடிப்பு வந்து நிக்கும். நீளவாக்குல பத்துப் பதினஞ்சு துண்டா பிரிச்சு மெஷ் (முக்கோண வலை) பண்ணுங்க. அதே சமயம் தட்டையான இடத்துல முக்கோணத்த பொடியாக்க வேண்டிய அவசியமே இல்ல, 4 மீட்டர் நீள ட்ரஃபுக்கு மூணு பட்டை, பட்டைக்கு ரெண்டு முக்கோணம்னாலும் கணக்கு சரியாத்தான் வரும். ஆனா ரொம்ப ஒல்லியா ஊசி மாதிரி முக்கோணம் வந்தா லிக்ட்ஸ் முறைக்கும், சில சமயம் ஓடவே மாட்டேங்கும், அதனால நீளத்தையும் அரை மீட்டருக்கு ஒரு வெட்டு வெட்டிடுங்க. தேய்மானம் எந்த இடத்துல எவ்வளவுன்னு கலர்ல பாக்கணும்னா மட்டும் அந்த சூட் பிளேட்ட பொடியா மெஷ் பண்ணுங்க, ஏன்னா ஒரு முக்கோணத்துக்கு ஒரே நம்பர்தான் கிடைக்கும்.

எக்ஸ்போர்ட் பண்ணும்போது யூனிட். எஸ்டிஎல் ஃபைல்ல மில்லிமீட்டரா மீட்டரான்னு எங்கயும் எழுதியிருக்காது, வெறும் நம்பருதான். ஃப்ரீகேட்ல வரைஞ்சா மில்லிமீட்டர்ல வரும், லிக்ட்ஸ்ல எஸ்ஐ யூனிட்னு போட்டா மீட்டர்னு படிக்கும், 4 மீட்டர் பெல்ட் 4 கிலோமீட்டர் ஆயிடும். இம்போர்ட் லைன்ல ஸ்கேல் 0.001 போட்டா தீந்தது. எல்லா துண்டுக்கும் ஆரிஜின் ஒண்ணா இருக்கணும், ஒவ்வொண்ணையும் தனி டாக்குமெண்ட்ல வரைஞ்சு எக்ஸ்போர்ட் பண்ணா எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு வந்து உக்காந்துக்கும், ஒரே அசெம்பிளில வச்சு துண்டு துண்டா செலக்ட் பண்ணி எடுங்க. ஃபைல் ஃபார்மட் ஆஸ்கி வச்சுக்கங்க, ஏதாச்சும் சந்தேகம்னா நோட்பேட்ல தொறந்து நம்பரப் பாக்கலாம். எடுத்த உடனே எல்லா எஸ்டிஎல்லயும் பேராவியூல (3டி படம் பாக்கற சாஃப்ட்வேர்) ஒண்ணா தொறந்து ஒரு சுத்து சுத்திப் பாத்துடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

ஸ்கர்ட் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. நிஜத்துல ஸ்கர்ட் ரப்பர் பெல்ட்ட ஒட்டி உரசும், அப்படியே வரைஞ்சு ரெண்டு சர்ஃபேஸும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சிருந்தா அந்த இடுக்குல மாட்டுற கல்லு ரெண்டு சுவருக்கும் நடுவுல நசுங்கி, விசை தாறுமாறா ஏறி, தோட்டா மாதிரி பறக்கும். உங்ககிட்ட இருக்கறதுலயே பொடிக்கல்லோட ஆரத்தவிட சின்னதா ஒரு இடைவெளி விடுங்க, கல்லும் ஒழுகாது, நசுங்கவும் செய்யாது. ஸ்கர்ட் அகலம் பெல்ட்டுல மூணுல ரெண்டு பங்குங்கறது வழக்கம், 650க்கு 430 மாதிரி.

இனிமேதான் முக்கியமான கட்டம், வேகம். பெல்ட் ஓடணும்னு சொன்னதும் எல்லாருக்கும் தோணுறது பெல்ட் மெஷ்ஷ நகத்தறது. மூவ் மெஷ்னு ஒரு கமாண்ட் இருக்கு, ஈடெம்ல லீனியர் டிரான்ஸ்லேஷன்னு இருக்கு. அதப் போட்டா பெல்ட் நெசமாவே கிளம்பிப் போயிடும், 2 மீட்டர் வேகத்துல ரெண்டே செகண்டுல 4 மீட்டர் பெல்ட் சூட்ட ஊடுருவிட்டு அந்தப் பக்கம் போய் நிக்கும், கல்லெல்லாம் அந்தரத்துல. நமக்கு வேண்டியது வேற. மெஷ் இருக்கற இடத்துலயே அசையாம இருக்கணும், ஆனா கல்லு அதத் தொடும்போது இந்தச் சுவரு 2 மீட்டர் வேகத்துல ஓடுதுன்னு உராய்வுக் கணக்குல மட்டும் சேரணும். லிக்ட்ஸ்ல மெஷ் சர்ஃபேஸ் லைன்லயே சர்ஃபேஸ் வெல்னு ஒரு கீவேர்ட், அதுக்குப் பின்னாடி மூணு நம்பர், எக்ஸ், ஒய், இசட். ஈடெம்ல இதுக்குப் பேரு கன்வேயர் டிரான்ஸ்லேஷன். ராக்கில இந்தத் தொல்லையே இல்ல, ஃபீட் கன்வேயர், ரிசீவிங் கன்வேயர்னு ரெடிமேடா இருக்கு, அகலம், ட்ரஃப் டிகிரி, ஏத்தம், வேகம்னு ஃபாரம் நிரப்பற மாதிரி நிரப்பினா அதுவே வரைஞ்சுக்கும். லைசென்ஸ் இருக்கறவங்க குடுத்து வச்சவங்க.

மூணு நம்பர் என்ன போடறது? எக்ஸ் திசைல பெல்ட் ஓடுது, 18 டிகிரி ஏத்தம்னா எக்ஸுக்கு 1.902, ஒய்க்கு பூஜ்யம், இசட்டுக்கு 0.618. ரெண்டு மீட்டர ஏத்தத்துல பிரிச்சதுதான். லிக்ட்ஸ் உள்ள என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சிக்கங்க, நீங்க குடுக்கற திசைய ஒவ்வொரு முக்கோணத்தோட தளத்துலயும் சாச்சு விழவச்சு, அப்புறம் அளவ மட்டும் பழைய 2க்கே இழுத்து நிறுத்திடும். அதனால சோம்பேறித்தனமா எக்ஸுக்கு 2, மத்ததுக்கு பூஜ்யம்னு போட்டாலும் நேரான பெல்ட்டுல சரியாத்தான் ஓடும், முறுக்கின ரெக்கைலயும் தானா வழி பாத்துக்கும். ஆனா அந்தப் பழக்கம் வேண்டாங்க, வேற சாஃப்ட்வேருக்கு மாறும்போது அங்க இந்த உதவி இருக்கும்னு நம்பி உக்காரக்கூடாது, பெல்ட்டோட ஏத்தத்துலயே குடுத்துப் பழகிக்கங்க.

இதே காரணத்தாலதான் ட்ரம்ம தனியா எடுக்கச் சொன்னேன். ட்ரம் வளைவயும் அதே மெஷ்ல சேத்து விட்டுட்டா மேல்பாதி வரைக்கும் அழகா ஓடும். ட்ரம்மோட முன்மூக்கு தாண்டி கீழ திரும்புற இடத்துல பெல்ட் நிஜத்துல பின்னாடி திரும்பிப் போகணும், ஆனா நீங்க குடுத்த திசை முன்னாடிதானே, அதச் சாச்சு விழவச்சா அங்கயும் முன்னாடியேதான் காட்டும். ஆக மூக்குல மேலயிருந்து வர்ற பெல்ட்டும் கீழயிருந்து வர்ற பெல்ட்டும் ஒண்ணையொண்ணு முட்டிக்கற மாதிரி ஒரு விசித்திரம் நடக்கும், கல்லு மூக்குல ஒட்டிட்டுத் தொங்கறதப் பாத்து ஒட்டுற கல்லு போலிருக்குன்னு ரிப்போர்ட் எழுதிடாதீங்க. ரிட்டர்ன் பெல்ட்டுக்கும் இதே கதை, ஒரே லூப்பா வரைஞ்சு ஒரே வேகம் குடுத்தா கீழ் பெல்ட்டும் முன்னாடி ஓடும். ரிட்டர்ன் வேணும்னா தனி ஃபைல், நெகட்டிவ் வேகம். சூட் வேலைக்கு ரிட்டர்னே தேவையில்ல.

ட்ரம்முக்கு சர்ஃபேஸ் ஆங் வெல்னு வேற கீவேர்ட், சுத்துற சர்ஃபேஸுக்கு. மையப்புள்ளி மூணு நம்பர், அச்சு மூணு நம்பர், கடைசியா ரேடியன்ல வேகம். ஆரம் 250ன்னு போட்டுடாதீங்க, கல்லு தொடறது ட்ரம்ம இல்ல, அதச் சுத்தின பெல்ட்ட, அதனால 260. 2ஐ 0.26ஆல வகுத்தா 7.69. லேகிங் (ட்ரம் மேல ஒட்டற ரப்பர்) இருந்தா அதோட தடிமனையும் கூட்டிக்கங்க. திசைக்கு வலது கைய எடுங்க, கட்டைவிரல் அச்சு, மடங்குற விரல் சுத்து. எக்ஸ் முன்னாடி, இசட் மேலன்னு வச்சிருந்தா ஒய் அச்சுல பாஸிட்டிவ் போட்டா ட்ரம் உச்சி முன்னாடி ஓடும். ட்ரஃப் மெஷ் முடியற கோடும் ட்ரம் மெஷ் ஆரம்பிக்கற கோடும் பெல்ட் ட்ரம்ம தொடற அந்த டேஞ்சென்ட் இடத்துல கச்சிதமா சேரணும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருந்தா அங்க வர்ற கல்லு ரெண்டு மெஷ்ஷயும் தொடும், ரெண்டுக்கும் தனித்தனியா விசை கூடும், கல்லு சின்னதா ஒரு துள்ளு துள்ளும்.

பெல்ட் முடிஞ்சுது, இனி வேகமாப் போயிடலாம். மெட்டீரியல் டைப் மூணு: கல்லு 1, ரப்பர் 2, ஸ்டீல் 3. சிமுலேஷன் பாக்ஸ் உருவாக்கும்போதே மூணு டைப்னு சொல்லிடணும், கல்லு ஒரே வகைதானேன்னு ஒண்ணு மட்டும் போட்டா பின்னாடி சுவருக்கு டைப் 2 குடுக்கும்போது எரர் அடிக்கும். உராய்வு டேபிள் மூணுக்கு மூணு, ஒம்பது நம்பர். ஆரம்பிக்க கல்லுக்கும் கல்லுக்கும் 0.6, கல்லுக்கும் ரப்பருக்கும் 0.6, கல்லுக்கும் ஸ்டீலுக்கும் 0.45ன்னு வச்சு, அப்புறம் உங்க ஜல்லியவே ஒரு பைப்புல நிரப்பித் தூக்கி, குவியுற சரிவ அளந்து, சிமுலேஷன்லயும் அதே பைப்பத் தூக்கி ரெண்டு சரிவும் ஒத்து வர்ற வரைக்கும் திருத்துங்க. ரோலிங் ஃப்ரிக்‌ஷன (உருள்றதத் தடுக்கற உராய்வு) விடவே கூடாது, நம்ம ஜல்லி முனை முனையா இருக்கும், சிமுலேஷன்ல அது உருண்டை, 18 டிகிரி ஏத்தத்துல உருண்டை கோலிகுண்டு மாதிரி பின்னாடி உருண்டு வந்துடும். லிக்ட்ஸ்ல இபிஎஸ்டி2ன்னு ஒரு ரோலிங் மாடல் இருக்கு, குவியல் அசையாம நிக்கறதுக்கு அது பரவால்ல.

யங்ஸ் மாடுலஸ், அதாவது விறைப்பு, நிஜக் கருங்கல்லுக்கு 50 கிகாபாஸ்கல் மாதிரி இருக்கும், அத அப்படியே போட்டா டைம் ஸ்டெப் (கணக்கு ஒரு தடவைக்குத் தாண்டற நேரம்) சுருங்கி ராத்திரி பகலா ஓடும். ராலே டைம்னு ஒரு அளவு இருக்கு, கல்லோட ஆரம், அடர்த்தி, ஷியர் மாடுலஸ் வச்சு வர்றது, அதுல 20 சதவீதத்துக்குள்ள ஸ்டெப் வைக்கணும். 10 மிமீ ஆரம், 2700 அடர்த்தி, பாய்சன் விகிதம் 0.25, மாடுலஸ் 50 கிகான்னா அந்த 20 சதவீதம் 2.5 மைக்ரோ செகண்ட். மாடுலஸ 100 மெகாவா கொறைச்சா 56 மைக்ரோ செகண்ட், இருபது மடங்குக்கு மேல லாபம். கன்வேயர்ல கல்லு எங்க போகுதுங்கறது இதனால பெருசா மாறாது, அதனால எல்லாருமே கொறைச்சுத்தான் ஓட்டறாங்க. சைஸ் கலந்து போட்டா இருக்கறதுலயே பொடிக்கல்ல வச்சு கணக்குப் பண்ணுங்க, 10 மிமீ ஜல்லியும் கலந்திருந்தா 28 மைக்ரோ. செக் டைம்ஸ்டெப்னு ஒரு கமாண்ட் சேத்து விட்டா ஓட ஓட சதவீதத்த அதுவே சொல்லிட்டிருக்கும்.

கல்லு போடற இடம். மணிக்கு 200 டன்னா செகண்டுக்கு 55.56 கிலோ. பெல்ட்டுக்கு மேல 300 மிமீ உயரத்துல, 500 நீளம் 300 அகலத்துல ஒரு தட்டை முகம் வச்சு இன்செர்ட் ஸ்ட்ரீம் குடுங்க, கீழ்நோக்கி 1 மீட்டர், முன்னாடி பெல்ட் வேகம் 2 மீட்டர். பெல்ட் வேகத்துலயே விடறது ஏமாத்து வேலைன்னு தோணும், ஆனா நாம பாக்கறது சூட்ட, லோடிங்க இல்ல, சீக்கிரம் அடங்கினா நல்லதுதான். முகத்த ரொம்பச் சின்னதா வச்சா கேட்ட அளவு கல்ல திணிக்க இடம் பத்தாது, கேட்டது இவ்வளவு போட்டது இவ்வளவுன்னு வார்னிங் ஓடிட்டே இருக்கும், யாரும் படிக்க மாட்டாங்க, கடைசில 200 டன் சூட்ட 140 டன்னுக்கு டெஸ்ட் பண்ணிருப்பாங்க.

இப்ப ஓட்டுங்க. 6, 8 செகண்ட் போதும். ரிசல்ட்ட நம்பறதுக்கு முன்னாடி கால்குலேட்டர்ல மூணு சோதனை, இத மட்டும் சோம்பல் படாம பண்ணுங்க.

முதல்ல பெல்ட் மேல ஒரு மீட்டருக்கு எவ்வளவு எடை. 55.56ஐ 2ஆல வகுத்தா 27.8 கிலோ. ஒரு 20 மிமீ உருண்டை 11.3 கிராம், அப்ப மீட்டருக்கு சுமார் 2450 கல்லு. பேராவியூல ஒரு மீட்டர் துண்ட வெட்டி எண்ணிப் பாருங்க. நிறைய கூட இருந்தா கல்லு பெல்ட்டவிட மெதுவாப் போகுதுன்னு அர்த்தம், குறைவா இருந்தா ஃபீடு பத்தல.

அடுத்தது கல்ல வேகத்தால கலர் பண்ணுங்க. ட்ரம்முக்கு ஒரு மீட்டர் முன்னாடி எல்லாக் கல்லும் 2 காட்டணும். அடியில 2, மேல 1.5ன்னு இருந்தா இன்னும் அடங்கல, பெல்ட் நீளத்தக் கூட்டுங்க. மொத்தமா வழுக்குதுன்னா உராய்வப் பாருங்க, 18 டிகிரிக்கு டான் 0.325, ரப்பர் உராய்வ 0.3ன்னு போட்டிருந்தா ஏறவே ஏறாது.

மூணாவதுதான் அசல் சோதனை, கல்லு ட்ரம்ம விட்டுப் பிரியற இடம். வேகத்த வேகத்தால பெருக்கி, 9.81ஆலயும் ஆரத்தாலயும் வகுங்க. 2 மீட்டர், 0.26 ஆரத்துக்கு 1.57. இது 18 டிகிரியோட கொசைன் 0.951ஐத் தாண்டுது, அதனால கல்லு டேஞ்சென்ட் இடத்துலயே ட்ரம்ம விட்டுட்டு 18 டிகிரி மேல்நோக்கிப் பாயணும். அதே பெல்ட்ட 1.25 மீட்டருக்குக் கொறைச்சா 0.61 வரும், அப்ப கல்லு ட்ரம்ம கட்டிப்புடிச்சு உச்சி தாண்டி 52 டிகிரி வரைக்கும் வந்துதான் பிரியும். ரெண்டு வேகத்துலயும் ஓட்டிப் பாருங்க, படுக்கை கனமா இருக்கறதால மேலடுக்கு கொஞ்சம் முன்ன பின்ன போகும், ஆனா அடியடுக்கு இந்தக் கணக்குக்குப் பக்கத்துல வரலன்னா ட்ரம் வேகமோ திசையோ தப்பு, சூட்டப் பத்தி ஒரு வார்த்தை பேசறதுக்கு முன்னாடி அதச் சரி பண்ணுங்க.

கீழ்பெல்ட்டுக்குப் புதுசா ஒண்ணும் இல்ல, அதே ட்ரஃப், அதோட திசைல சர்ஃபேஸ் வெல். 90 டிகிரி திரும்புற டிரான்ஸ்ஃபர்னா எக்ஸ் பூஜ்யம், ஒய்ல வேகம். கல்லு விழற இடத்துல பெல்ட்டோட நடுக்கோட்டுக்கு இடதுல எத்தன கிலோ, வலதுல எத்தன கிலோன்னு ரெண்டு ரீஜனா பிரிச்சு எண்ணுங்க, கிரஷர்க்காரருக்குக் காட்டறதுக்கு கலர் படத்தவிட இந்த ரெண்டு நம்பர் போதும், பெல்ட் ஏன் ஒரு பக்கமா ஓடுதுன்னு அவருக்கே புரிஞ்சிடும்.

எம் சாண்ட் பெல்ட்டுக்கு இதையே அப்படியே போட நெனைக்காதீங்க. 1 மிமீ உருண்டைன்னா இதே 27.8 கிலோவுக்கு மீட்டருக்கு ரெண்டு கோடிக்குப் பக்கத்துல வரும், எந்த லேப்டாப்பும் தாங்காது, 8, 10 மிமீ உருண்டையா பெருசாக்கித்தான் ஓட்டணும், பெருசாக்கினதும் சரிவுச் சோதனைய திரும்பப் பண்ணணும். எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைல, இல்ல வாஷர்ல இருந்து ஈரமா வர்ற மணல் சூட்டுல அப்பிக்கும், அதுக்கு ஒட்டுற விசை மாடல் தனியாச் சேக்கணும், லிக்ட்ஸ்ல எஸ்ஜேகேஆர், ஈடெம்ல ஜேகேஆர்னு தேடுங்க. காய்ஞ்ச டஸ்ட்டு நம்ம பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல ட்ரம்ம விட்டதுமே பறந்து அடுத்த தோட்டத்துல போய் விழறதெல்லாம் இந்த மாடல்ல தெரியாது, இதுல காத்தே இல்ல, அதுக்கு சிஎஃப்டியோட (காத்தோட்டத்தக் கணக்குப் போடற சிமுலேஷன்) கோர்த்து ஓட்டணும், இல்லன்னா ஹெட் ட்ரம்முக்கு ஒரு மூடி போட்டுடுங்க, அது செலவு கம்மி.